நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாள்

குப்புறப் படுத்தாகிவிட்டது. இனி நாலு மணி வரைக்கும் இப்படித்தான் கிடக்க வேண்டும், நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை, இடுப்புக்குக் கீழே ஒன்று, முகம் சுவரைப் பார்த்து. இரண்டு மணி நேரம் இப்படிக் கிடந்தால் நுரையீரலின் பின்பக்கம் திறந்துகொள்ளுமாம், சிஸ்டர் சொல்கிறாள். திறக்கட்டும். சுவரில் எவனோ ஒரு பையன் காம்பஸ் முனையால் 'மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு' என்று கீறி வைத்திருக்கிறான். பாலிடெக்னிக் ஹாஸ்டலின் சாப்பாட்டுக்கூடம் இது, மேஜைகளை வெளியே தள்ளிவிட்டுப் பதினாறு கட்டில் போட்டு, பெண்கள் வார்டு என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எத்தனை தடவை கழுவியும் சாம்பார் வாசனை போகவில்லையாம், பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். எனக்குத்தான் மூக்கு செத்துப் பதினோரு நாள் ஆகிறதே. பக்கத்துக் கட்டில்காரி என்று சொல்லிக்கொள்கிறேன் பார், பெயரைச் சொல்ல மனசு வரவில்லை. கனி. ஜெயக்கனி. என் கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்தி. பத்தொன்பது வருஷம் ஒரே வீடு, ஒரே நாளில் இருமல், ஒரே வேனில் ஏற்றி வந்து அடுத்தடுத்த கட்டிலில் போட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் கொரோனா மட்டும் வந்தது, எனக்குக் கொரோனாவும் கனியும் சேர்ந்து வந்தார்கள். இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் வார்டே சிரித்திருக்கும். சொல்லமாட்டேன். எனக்கு எல்லாம் மனசுக்குள்தான் வரும், வாய்க்கு வருவதற்குள் ஆறிப்போகும். அவளுக்கு நேரே வாயிலேயே பிறக்கிறது. இதோ பின்னால் சிரிப்புச் சத்தம், ஆரம்பித்துவிட்டாள். "ஏங்க்கா, குப்புறப் படுன்னு சொல்றதுக்கு இவ்வளவு பெரிய டாக்டரு எதுக்கு? எங்க வீட்டுக்காரரு... பத்தொம்பது வருஷமா அப்படித்தான் படுக்குறாரு. அவரு வெரல்ல மெஷின மாட்டினா... நூத்தி இருவது காட்டும்." மூன்றாம் கட்டில் ரெஜினா தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். குப்புறக் கிடக்கிற ஆறு பேரில் மற்ற ஐந்து பேரும் அவள் பக்கமாக முகத்தைத் திருப்பித்தான் படுத்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் சுவர்ப்பக்கம். கழுத்து வலிக்கிறது. வலிக்கட்டும்.

அவள் படுக்க வேண்டியதில்லை. ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்று நாலுக்குக் கீழே இருப்பவர்கள்தான் குப்புறப் படுக்க வேண்டும், கனிக்குத் தொண்ணூற்றெட்டு. அவள் கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து கச்சேரி நடத்தலாம். இங்கே சிஸ்டர்கள் குறைவு, காலையும் மாலையும் தலையைக் காட்டுவதோடு சரி. அதனால் விரலில் மாட்டுகிற மெஷின் ஒன்றைச் சரட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை அது கட்டில் கட்டிலாகப் போகும், அவரவர் மாட்டிப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும், கடைசிக் கட்டிலில் இருக்கும் லீலாவதி டீச்சர் சார்ட்டில் எழுதுவாள். கனி கைக்கு வந்ததும் அது பரீட்சை ரிசல்ட் ஆகிவிட்டது. "டீச்சர், தொண்ணூத்தெட்டு மார்க்கு! எட்டாங்கிளாஸ்ல கணக்குல இருவத்தாறு வாங்குனவ நானு. எங்கப்பா மட்டும் இருந்திருந்தா தெருவுக்கே முட்டாய் குடுத்துருப்பாரு." இதற்கு எல்லாரும் கைதட்டினார்கள். நான் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது. தமிழில் தொண்ணூற்றொன்று. யாரிடம் போய்ச் சொல்வது? எனக்குத் தொண்ணூற்று மூன்று, மறுநாள் தொண்ணூற்று ரெண்டு, ஒரு நாள் தொண்ணூற்று நாலைத் தொட்டுவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டது. மூச்சிலும் எனக்கு அவளை விடக் குறைச்சல். நெஞ்சுக்குள் காற்று எவ்வளவு போகிறது என்று அளப்பதில் கூடவா ஒருத்தி மேல் ஒருத்தி பொறாமைப்படுவாள்? படுகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் படுகிறேன். மாத்திரை ஒன்றுதான், கசாயம் ஒன்றுதான், அந்தக் கசாயத்தைப் பார்த்து அவள் "இதக் குடிச்சா கொரோனா சாகுதோ இல்லையோ நாக்கு செத்துரும்" என்று சொன்னாளே, அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்துக்கொண்டே மடக்கென்று குடித்தார்கள். சிரித்தால் நோய் எதிர்ப்பு சக்தி கூடுமாம், டீச்சர் எதிலோ படித்திருக்கிறாளாம். அப்படியென்றால் இந்த வார்டில் மற்ற எல்லாருக்கும் சக்தியை ஊட்டுகிறவள் கனி, பக்கத்தில் கிடந்தும் பட்டினி கிடப்பவள் நான். அவள் ஒன்று சொன்னதும் என் வயிறு குலுங்க வரும், நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். ஒரு தடவை அடக்கி அடக்கி இருமலே வந்துவிட்டது. அவள்தான் எழுந்து வந்து முதுகைத் தடவினாள்.

முதுகைத் தடவினால் எல்லாம் சரியாகிவிடுமா? எனக்குப் பின்னால் ஆறு வருஷம் கழித்து அந்த வீட்டுக்கு வந்தவள். மாமனார் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆறு வருஷம் தினமும் அவருக்கு நான் மோர் கடைந்து, கட்டி இல்லாமல் வடிகட்டி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். "வச்சிட்டுப் போ" என்பார். அவ்வளவுதான், ஆறு வருஷமும் அதே இரண்டு சொல், அதற்கே நான் மகிழ்ந்துபோய்த் திரும்புவேன். கல்யாணமான மூன்றாம் நாள் கனி ஒரு டம்ளரை வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார். "என்னம்மா, மோரு தண்ணியா இருக்கு?" "மாமா, அது மோர்ச்சட்டி கழுவுன தண்ணி. மோரு இந்தா பின்னாடி வருது." வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாமனார் சிரித்தார். புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன், இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு சத்தம் இருந்ததா, ஆறு வருஷமாக எனக்குக் காட்டாமல் யாருக்காக வைத்திருந்தார் என்று கையில் மத்தோடு அழுதேன். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பொறாமை. அப்புறம் என் வீட்டுக்காரர். சாப்பிடும்போது கனி ஏதாவது சொன்னால் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரிப்பார், எனக்குத் தெரிந்து என் பேச்சுக்கு அந்தச் சிரிப்பு வந்ததே இல்லை. அதையும் விடு. சுடர்விழியை விட முடியவில்லை. நான் பெற்ற மகள். கோயம்புத்தூரிலிருந்து தினமும் வீடியோ காலில் வருகிறாள். "அம்மா, சாப்ட்டீங்களா? மாத்திர போட்டீங்களா? சரி, சித்திட்ட குடுங்க." எனக்கு இரண்டு கேள்வி, சித்திக்கு முக்கால் மணி நேரம். என் போன், என் சார்ஜ், என் மகளின் சிரிப்பு பக்கத்துக் கட்டிலிலிருந்து வருகிறது. நேற்று மட்டும் பத்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டாள். "யக்கா, பிள்ள உங்கட்டப் பேசணுங்குது" என்றாள். வாங்கிப் பார்த்தால் சுடர் "சித்தி ஏம்மா சீக்கிரம் வைக்கச் சொல்லிட்டாங்க?" என்று என்னிடம் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? என்னோடு பேசத்தான் கொடுத்தாளோ என்று ஒரு நிமிஷம் ஏமாந்த எரிச்சல் வேறு.

பத்து நிமிஷத்தில் ஏன் வைத்தாள்? போனைக் கையில் வாங்கினால் பேட்டரி செத்தால்தான் விடுவாள். மறுபடி பேசுகிறாள், கேள். "நேத்து முட்ட குடுக்க வந்தவரு... என்னப் பாத்து... உனக்குத்தான் தொண்ணூத்தெட்டாச்சே... உனக்கெதுக்கு முட்டங்குறாரு. நல்லா மார்க்கு எடுத்தா... முட்டயப் புடுங்குற பள்ளிக்கூடம்... இதுதான்." வார்டு அதிர்கிறது. டீச்சர் சொல்கிறாள், "என்னமா நிறுத்தி நிறுத்திச் சொல்றா பாருங்க. அந்த நிறுத்துறதுலதான் இருக்கு விஷயமே. நீ மேடையில பேச வேண்டியவ கனி." ஆமாம், நிறுத்துகிறாள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கே நிறுத்துகிறாள், எங்கே குரலை இறக்குகிறாள், எதைக் கடைசிக்கு வைக்கிறாள் என்று பத்தொன்பது வருஷமாகக் கேட்கிறேன், கற்றுக்கொள்ளத்தான், வேறெதற்கு. ஆடத் தெரியாதவள் ஜன்னல் வழியே ஆட்டம் பார்க்கிற மாதிரி. கனி இப்படி நிறுத்துகிறவள் இல்லை. அவள் பேச்சு கடகடவென்று ஓடி வந்து, கடைசிச் சொல்லுக்கு முன்னால் மட்டும் ஒரே ஒரு இடத்தில் நிற்கும். வந்த முதல் நாள் அந்த வேன் டிரைவர் கதையைச் சொன்னாளே, கவச உடையோடு டீக்கடையில் இறங்கினாராம், தெருவே ஓடிவிட்டதாம், டீ மாஸ்டர் பாய்லரை விட்டுவிட்டு ஓடினானாம், இவரே டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாராம், அத்தனையும் ஒரே மூச்சில். இரண்டு மூச்சு என்று வைத்துக்கொள். நேற்று முன்தினம் ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு. இன்றைக்கு எண்ணுகிறேன். 'நேத்து முட்ட குடுக்க வந்தவரு', நாலு. மூச்சு. 'என்னப் பாத்து', ரெண்டு. மூச்சு. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துகிறாள். 'என்னப் பாத்து' என்பதற்கு அப்புறம் நிறுத்தினால் என்ன சிரிப்பு வரும்? ஒன்றும் வராது. அது சிரிப்புக்காக நிறுத்தியது இல்லை. அவர்கள் அவள் முகத்தைப் பார்க்கிறார்கள், நிறுத்துகிற நேரத்தில் அவள் கண்ணை உருட்டி முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறாள் போலிருக்கிறது, அதற்குச் சிரிக்கிறார்கள். சுவரைப் பார்த்துக் கிடக்கிற எனக்கு முகம் இல்லை, சத்தம் மட்டும்தான். முகத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு இரைப்பு. மாடிப்படி ஏறி வந்தவள் மாதிரி. உட்கார்ந்த இடத்தில் எந்த மாடி ஏறினாள்?

சும்மா இரு, தங்கபுஷ்பம். உனக்கு வேறு வேலை இல்லை. தொண்ணூற்றெட்டு என்று நாலு வேளையும் சார்ட்டில் இருக்கிறது. எல்லாருக்கும் ஏறும் இறங்கும், அவளுக்கு மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. அதற்கும்தான் வயிறு எரிந்தாய். ஆணி அடித்த மாதிரி. ஏன் நிற்கிறது? மனுஷ உடம்புதானே, ஒரு நாள் தொண்ணூற்றேழு வரக்கூடாதா? எந்த நாளிலிருந்து நிற்கிறது? ஏழாம் கட்டில் பால்தாய்க்கு எண்பத்தாறு வந்தது, நூற்றெட்டு வண்டி வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் சாயங்காலம் போய்விட்டாள் என்று போன் வந்தது. அன்றைக்கு யாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. ரெஜினா ஜெபம் சொல்லிக்கொண்டே நடுங்கினாள். அப்போது மெஷின் கனிக்கு வந்தது. மாட்டினாள், கைக்குள் பொத்திப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகுதான் தலையைத் தூக்கி, "டீச்சர், தொண்ணூத்தெட்டு மார்க்கு!" என்றாள். அந்த முட்டாய்ப் பேச்சு அன்றைக்குத்தான். எல்லாரும் அழுதுகொண்டே சிரித்துப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அப்புறம் தினமும் பொத்தித்தான் பார்க்கிறாள், சீட்டு ஆடுகிறவர்கள் சீட்டைப் பார்ப்பது போல. அதையும் ஒரு வேடிக்கை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். உள்ளே என்ன இருந்தது? யாரும் பார்க்கவில்லை. எழுந்து சொல்லிவிடட்டுமா? என்னவென்று சொல்வது? கனிக்கு மூச்சு வாங்குகிறது, அவள் பொய் மார்க்கு சொல்கிறாள் என்றா? இந்த அறையில் எல்லாருக்கும் தெரியும் நான் சிரிக்காதவள், அவள் பக்கம் திரும்பாதவள். 'அவளுக்கு நல்லா இருக்கிறது இந்த அம்மாவுக்குப் பொறுக்கலை' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். பொய்யும் இல்லையே. பொறுக்கவில்லைதான். பொறுக்காத காதுக்கு என்னதான் கேட்காது? அவள் வாய் மூட வேண்டும் என்று எத்தனை தடவை வேண்டியிருக்கிறேன், அந்த வேண்டுதல்தான் இப்போது இரைப்பாகக் கேட்கிறதோ என்னவோ.

ஏற்கெனவே ஒரு தடவை என் காதை நம்பித்தான் வினை. ஏழு வருஷத்துக்கு முன்னால், பங்குனிப் பொங்கல், வீடு நிறையச் சொந்தக்காரர்கள். கனி காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். நான் அடுப்படியில் நின்று, "நடிக்கிறா. வேலன்னா அவளுக்கு வயிறு வலிக்கும்" என்றேன். எல்லாரும் நம்பினார்கள், ஏனென்றால் அவள் எப்போதும் நடிப்பவள்தானே, அவள் முனகல் கூட யாரையோ மாதிரி செய்து காட்டுவது போல இருக்கும். ராத்திரி வரை நடிப்பு என்றே விட்டுவிட்டோம். குடல்வால் வெடித்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொல்லிவிட்டு மிச்சத்தைச் சொல்லவில்லை. தையலோடு வீட்டுக்கு வந்தவள் எல்லார் முன்னாலும் சேலையை விலக்கிக் காட்டி, "யக்கா, நடிப்புக்கு அவார்டு குடுத்துட்டாங்க, பாருங்க" என்றாள். வீடு சிரித்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், அத்தோடு தீர்ந்திருக்கும். திட்டவில்லை. மன்னித்துவிட்டாள், அதுவும் சிரித்துக்கொண்டே. அதை எப்படி மன்னிப்பது? அன்றைக்கு நோயை நடிப்பு என்றேன். இன்றைக்கு அவள் சுகத்தை நடிப்பு என்று சொல்லப் போகிறேன். தப்பாக இருந்தால் இந்த வார்டு முழுக்க, அப்புறம் வீடு முழுக்க, சுடர்விழி வரைக்கும் போகும், பெரியம்மா மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க என்று கனியின் பிள்ளைகள் சொல்லும். சரியாக இருந்தால்? சரியாக இருந்தால் அவளை வண்டியில் ஏற்றுவார்கள். பால்தாய் போன அதே வண்டி. அந்தக் கட்டில் காலியாகும். வார்டு அமைதியாகும். போனில் சுடர்விழி என்னோடு மட்டும் பேசுவாள். முக்கால் மணி நேரமும் என்னோடு. ஐயோ. யோசித்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டால் போகுமா, யோசித்தது யோசித்ததுதான், ஒரு நொடி அந்த அமைதி எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. கடவுளே, நான் இவ்வளவு கெட்டவளா? இது தெரிந்த பிறகு சும்மா கிடந்தேன் என்றால் அது பயத்தினால் இல்லை, அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் என்று ஆகிவிடும். பின்னால் ரொம்ப நேரமாகச் சத்தம் இல்லை. சிரிப்பு மட்டும் இருக்கிறது, பேச்சு இல்லை. பேசாமல் முகத்தாலேயே ஏதோ செய்து காட்டுகிறாள். டாக்டர் நடக்கிற மாதிரியோ என்னவோ. "அய்யோ கனி, போதும்டி" என்கிறாள் ரெஜினா. பேச முடியாதவள்தான் பேசாமல் செய்வாள். மணி என்ன? டீச்சர், மணி என்ன?

நாலு. நிமிர்ந்து உட்கார்ந்தபோது தலை சுற்றியது. மெஷின் முதல் கட்டிலிலிருந்து கிளம்பிவிட்டது. தொண்ணூத்தாறு, தொண்ணூத்தஞ்சு, ரெஜினா தொண்ணூத்தி மூணு. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தேன் என்று சொல்லலாம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் சிரிக்கிறது, நெற்றியில் வேர்வை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்குகின்றன. எனக்கு வந்தது. மாட்டினேன், தொண்ணூற்று ரெண்டு, சொன்னேன். சரட்டை அவள் பக்கம் நீட்ட வேண்டும். நீட்டவில்லை. எழுந்து அவள் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்து இழுத்து, நானே அவள் விரலில் மாட்டினேன். விரல் ஈரத்துணி போலச் சில்லென்று இருந்தது. நகம் ஊதா. "என்னக்கா... மோதிரம்... போடுறீங்க... நமக்குக் கல்யாணம்... ஆயிருச்சுக்கா..." என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு கையால் மெஷினை மூட வந்தாள். நான் அந்தக் கையையும் பிடித்தேன். "விடுங்க யக்கா." "காட்டுடி." "விடுங்கக்கா, நானே சொல்றேன்..." "நீ சொல்ல வேணாம். நான் சொல்லுறேன்." அவள் கையில் பலமே இல்லை, பிள்ளையின் கையைப் பிரிப்பது போலப் பிரிந்தது. எண் குதித்துக் குதித்து நின்றது. "எண்பத்தி ஒண்ணு!" என்று கத்தினேன். அந்தக் குரலை நானே கேட்டேன். அதற்குள் பயம் இருந்தது, முக்கால்வாசி பயம்தான், ஆனால் கால்வாசி வேறு ஒன்று இருந்தது, பிடித்துவிட்டேன் பார் என்கிற ஒன்று. அது எல்லாருக்கும் கேட்டுவிட்டது. டீச்சரின் பேனா நின்றது. "மெஷின் சரியில்ல. வேற வெரல்ல போடுங்க" என்றாள் டீச்சர். "நல்லா சிரிச்சிக்கிட்டிருக்கிற பிள்ளைக்கு ஒரு நா கொறஞ்சா உங்களுக்கு அவ்வளவு சந்தோசமாக்கா?" என்றாள் ரெஜினா. நான் வேறு விரலில் மாட்டினேன். எண்பது. அதற்குள் கனி என் தோளில் தலையைச் சாய்த்துவிட்டாள், அதையும் வேடிக்கை என்று நினைத்து யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். கதவோரம் பையன்களைச் சாப்பாட்டுக்கு அழைக்கிற மணி தொங்குகிறது, ரெஜினாதான் ஓடிப்போய் அதை அடித்தாள். "எத்தன நாளாடி?" என்று அவள் காதில் கேட்டேன். "எனக்கு ஒண்ணும்... செய்யலக்கா... நல்லாத்தான்... இருந்துச்சு... மொத நாளு தொண்ணூறு... பால்தாய்க்கா போன அன்னிக்கு... கொறச்சுச் சொன்னா... இவளுக சாப்பிட மாட்டாளுகன்னு..." அதற்கு மேல் வரவில்லை. வராவிட்டால் என்ன, எனக்குப் புரிந்தது. என் தோளில் அவள் மூச்சு சின்னச் சின்னதாக அடித்தது.

சிஸ்டர் ஓடி வந்து மூலையில் இருந்த ஆக்ஸிஜன் மெஷினை இழுத்து மாட்டினாள். எண்பத்தஞ்சுக்கு மேல் ஏறவில்லை. "யார் பாத்தது? இன்னும் ஒரு வேள விட்டிருந்தா..." என்று சிஸ்டரும் மிச்சத்தைச் சொல்லவில்லை. டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று நன்றாகத் தெரியும். வண்டி வர அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் அவள் கையை நான் வைத்துக்கொண்டிருந்தேன், தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், சூடு ஏறவில்லை. என்னை அழைத்துப் போக மாட்டார்களாம், என் எண் போதுமாம், நான் நன்றாக இருக்கிறேனாம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். வார்டு முழுக்கக் கட்டிலை விட்டு இறங்கி நின்றது, பால்தாயை அனுப்பியபோது நின்ற மாதிரியே நின்றார்கள். கனி என்னைப் பார்த்து விரலை அசைத்தாள். குனிந்தேன். மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னாள், ஆக்ஸிஜன் இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டிச் சத்தம் பைபாஸ் ரோட்டில் திரும்பித் தேய்கிற வரைக்கும் நான் வாசலில் நின்றேன். திரும்பினால் பதிமூன்று பேரும் என்னையே பார்க்கிறார்கள். "என்ன சொன்னா?" என்றாள் ரெஜினா. "ஒண்ணுமில்ல." "சொல்லுங்கக்கா. என்ன சொன்னா?" டீச்சர் சார்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, நாங்க கேக்கணும்" என்றாள். அவர்களுக்கு அது வேண்டும், பால்தாய் போன அன்றைக்கு வேண்டியிருந்த மாதிரியே வேண்டும், கொடுப்பதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொன்னேன். "எனக்கு அவ மேல பொறாம. பத்தொம்பது வருஷமா. அவ மார்க்கு மேல கூட. அது அவளுக்குத் தெரியும் போல." பிறகு அவள் சொன்னதையும் சொன்னேன். "யக்கா, இப்ப நீங்கதான் ஃபர்ஸ்ட் ரேங்க்குன்னா. அழாதீங்க, ரெண்டாவது வந்தவ நாந்தான் அழணும்னா." அப்புறம் ரெஜினாவின் தொண்டையிலிருந்து கிளம்பியது, டீச்சருக்குப் போனது, கட்டில் கட்டிலாகப் பரவியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, வார்டே சிரித்தது. நான் சொல்லி ஒரு கூட்டம் சிரித்தது இதுதான் முதல் தடவை. எத்தனை வருஷம் இதற்காக ஏங்கினேன். கையில் வந்து விழுந்த பிறகு, இதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்றாள் ரெஜினா, பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே.

"அவ வந்து சொல்லுவா" என்றேன்.